ஒரு ஜன்னல், பதினாறு டிக்கெட்

பதினேழாம் எண் இருக்கைக்குப் பக்கத்தில் ஜன்னலே இல்லை, வெறும் சுவர்தான் இருக்கிறது என்ற விஷயம், டிக்கெட் எடுத்துப் பதினொரு நாள் கழித்துத்தான் கன்ஃபர்ம் மாமாவுக்குத் தெரிந்தது.

அதையும் டிக்கெட் விற்ற வெளிநாட்டு ரயில்வே சொல்லவில்லை. எப்போதோ அந்த ரயிலில் போய் வந்த ஒரு புண்ணியவான் இணையத்தில் படத்தோடு போட்டு வைத்திருந்தார். படத்தில் பதினேழாம் எண் இருக்கை இருந்தது. அதன் பக்கத்தில் சாம்பல் நிறச் சுவர் இருந்தது. சுவரில் கோட்டு மாட்டும் கொக்கி ஒன்று இருந்தது. 'ஏரியைப் பார்க்க ஆசைப்படுகிறவர்கள் இந்தக் கொக்கியைப் பார்த்துக்கொண்டே போகலாம்' என்று அடியில் நக்கலாக எழுதியும் இருந்தார்.

மாமா மடிக்கணினியை மெதுவாக மூடினார். சமையலறையில் அவர் மனைவி பக்கத்து வீட்டு அம்மாவிடம் பேசிக்கொண்டிருந்தது காதில் விழுந்தது.

"ஜன்னல் சீட்டு. பதினேழாம் நம்பர். இன்னும் ரெண்டரை மாசம் இருக்கு, இப்பவே கன்ஃபர்ம்."

"உங்களுக்கு என்னம்மா, வீட்டுலயே ரயில்வே" என்றார் பக்கத்து வீட்டு அம்மா.

அது உண்மைதான். மாமா முப்பது வருஷமாக ரயில் முன்பதிவுக் கவுன்டரில் உட்கார்ந்திருப்பவர். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நிற்கிறவர்கள், "சார், கன்ஃபர்ம் ஆகுமா?" என்று கேட்டால், திரையைக்கூடப் பார்க்காமல் ஆகும், ஆகாது என்று சொல்லிவிடுவார். சொன்னது சொன்னபடி நடக்கும். அதனால் வந்த பெயர்தான் கன்ஃபர்ம். தெருவில் சின்னப் பிள்ளைகள் மாமா என்பதைச் சேர்த்துக்கொண்டார்கள். பெற்றோர் வைத்த பெயர் இப்போது சம்பளச் சீட்டில் மட்டும்தான் இருக்கிறது.

சொந்தத்தில் யார் எங்கே போனாலும் டிக்கெட் மாமாவின் பொறுப்பு. நல்ல ஜன்னல்களெல்லாம் சம்பந்தி வீட்டுக்கு, மாப்பிள்ளை வீட்டுக்கு, வயசானவர்களுக்கு. மிச்சம் விழுகிற நடு இருக்கைகளும் கழிவறைப் பக்கத்து இருக்கைகளும் தன் வீட்டுக்கு. அதுதான் மரியாதை என்பது அவர் கட்சி. அந்த மரியாதைக்காக அவர் மனைவி முப்பது வருஷமாக இரண்டு பேருக்கு நடுவில், சாப்பாட்டுப் பையை மடியில் வைத்துக்கொண்டு, பக்கத்து ஆளின் தோளுக்கு மேல் தெரிந்த அளவு ஊரைப் பார்த்தபடி பயணம் செய்திருந்தார்.

அவர்கள் சமையலறையில் அடுப்பு மேடைக்கு மேல் ஒரு மருந்துக்கடை காலண்டர் தொங்கியது. அதில் போட்டிருந்த வருஷம் முடிந்து ஆறு வருஷம் ஆகிவிட்டது. ஆனாலும் மனைவி அதைக் கழற்றவில்லை. காரணம், படம். நீலமாய் ஒரு ஏரி, அதன் கரையை ஒட்டி வளைந்து போகும் சிவப்பு ரயில். அந்த ஏரி இருக்கும் நாட்டுக்கே போகலாம் என்று முடிவானபோது, அவர் வேறெதுவும் கேட்கவில்லை.

"மத்ததெல்லாம் உங்க இஷ்டம். அந்த ரயில்ல எனக்கு ஒரு ஜன்னல் வேணும். நடுவுல யாரோ வந்தாங்கன்னு விட்டுக்கொடுக்கச் சொல்லக் கூடாது. கடைசி வரைக்கும் எனக்கே எனக்கு."

"கன்ஃபர்ம்" என்றார் மாமா.

அந்த ரயில் வாரத்தில் வியாழக்கிழமை மட்டும்தான். இவர்களுடைய பத்து நாள் பயணத்தில் இரண்டு வியாழன் வந்தது. ஒன்றில் விமானத்தில் இருப்பார்கள். ஆக, கையில் இருந்தது ஒரே ஒரு வியாழக்கிழமை. முன்பதிவு தொடங்கிய அன்று மாமா அரை நாள் லீவு போட்டு, குளித்துவிட்டு வந்து உட்கார்ந்து நான்கு டிக்கெட் எடுத்தார். தனக்கு, மனைவிக்கு, மைத்துனிக்கு, மைத்துனியின் கணவரான சகலைக்கு. பதினேழு முதல் இருபது வரை.

இப்போது பதினேழில் கொக்கி.

"சரி, ரத்து பண்ணிட்டு வேற எடுப்போம்" என்று மாமா தனக்குள் சொல்லிக்கொண்டார். தினமும் நாற்பது பேருக்கு ரத்து செய்து கொடுக்கிற கைக்கு இது ஒரு வேலையா என்று நினைத்தார்.

டிக்கெட்டைத் திறந்து பார்த்தார். சலுகை டிக்கெட். மாற்ற முடியாது, ரத்து செய்ய முடியாது. இதையெல்லாம் படித்துப் பார்த்துச் சம்மதித்ததாக அவரே ஒரு கட்டத்தில் டிக் அடித்திருந்தார். "படிக்காம எதுக்கு சார் கையெழுத்துப் போட்டீங்க?" என்று கண்ணாடிக்கு இந்தப் பக்கமிருந்து ஆயிரம் பேரையாவது கேட்டிருப்பார். இப்போது கேட்க ஆளில்லாததால் அவரே கேட்டுக்கொண்டார்.

போனால் போகிறது என்று புதிதாக நான்கு டிக்கெட் எடுத்தார். இருபத்தைந்து முதல் இருபத்தெட்டு. புண்ணியவான் போட்ட படங்களில் தேடிப் பார்த்தார். இருபத்தைந்தில் ஜன்னல் பெரிதாக இருந்தது. மனைவியிடம் மூச்சு விடவில்லை.

டிக்கெட் எடுத்து முடித்ததும் அந்த முன்பதிவு இணையதளத்தில் ரயிலின் பெயருக்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு நெருப்புப் படம் எரிந்தது. 'இந்த ரயிலுக்கு முன்பதிவு சூடுபிடிக்கிறது' என்று அதற்கு அர்த்தம்.

"பாத்தியா, கூட்டம் கிளம்பிடுச்சு. நல்ல வேளை முந்திக்கிட்டோம்" என்றார் மாமா மடிக்கணினியிடம்.

கூடவே ஒரு மின்னஞ்சலும் வந்தது. அந்த நாட்டு மொழியில், சிவப்பு எழுத்தில். முதல் முறை டிக்கெட் எடுத்தபோதும் இதே மாதிரி ஒன்று வந்திருந்தது. அதில் மாமாவுக்குப் புரிந்தது அவருடைய பெயர் மட்டும். நன்றி சொல்லியிருப்பார்கள் என்று விட்டுவிட்டார். டிக்கெட்டின் பின்பக்கத்தை எந்தப் பயணியாவது படித்து முப்பது வருஷத்தில் அவர் பார்த்ததில்லை. இப்போது அவரும் ஒரு பயணிதானே.

* * *

"அந்த ஏரி எந்தப் பக்கம் சார் வரும்?" என்று ஒரு நாள் பக்கத்துக் கவுன்டர் அம்மா கேட்டார்.

"எந்தப் பக்கம்னா?"

"வண்டி போகும்போது இடது கைப் பக்கமா, வலது கைப் பக்கமா? உங்க சீட்டு எந்தப் பக்கம் இருக்கு?"

மாமாவின் விரல் விசைப்பலகை மேலேயே நின்றுவிட்டது. ஆயிரக்கணக்கான ஜன்னல்களைக் கொடுத்தவரிடம், அந்த ஜன்னலுக்கு வெளியே என்ன தெரியும் என்று இதுவரை ஒருவரும் கேட்டதில்லை. அவர் கைப்பேசியை எடுத்து வரைபடத்தைத் திறந்தார்.

"சார், என் டிக்கெட்டு" என்றார் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்றவர்.

"கொஞ்சம் இருங்க. ஏரியைத் தேடிக்கிட்டிருக்கேன்."

ஏரி கிடைத்தது. இடது கைப் பக்கம். புண்ணியவான் ஏரி வழியில் எடுத்த படங்களில் இருபத்தைந்தாம் எண் இருக்கை வலது கைப் பக்கம். அந்தப் பக்கத்தில் புறப்படும் ஊரிலிருந்து இறங்கும் ஊர் வரைக்கும் மலையை வெட்டிய பாறைச் சுவர். கொக்கிகூட இருக்காது.

சாயங்காலம் வீட்டுக்குப் போனதும் சமையலறைக்குள் நுழைந்து காலண்டரை உற்றுப் பார்த்தார். படத்து ரயில் எந்தப் பக்கம் போகிறது, வருகிறதா போகிறதா என்று கழுத்தைச் சாய்த்துப் பார்த்தார். பின்னால் மனைவி வந்து நின்றதைக் கவனிக்கவில்லை.

"இத்தனை வருஷத்துல இன்னிக்குத்தான் நின்னு பாக்கறீங்க" என்றார் மனைவி. குரல் தழுதழுத்தது. "எனக்கு மட்டும்தான் ஆசைன்னு நெனச்சேன். உங்களுக்கும் இருக்கு."

உள்ளதைச் சொல்லிவிடலாமா என்று மாமா ஒரு கணம் யோசித்தார். அந்த முகத்தைப் பார்த்தபின் சொல்ல மனசு வரவில்லை.

"நல்ல ஏரி" என்று மட்டும் சொன்னார்.

அன்றைக்கே இடது கைப் பக்கம் நான்கு டிக்கெட் எடுத்தார். முப்பத்து மூன்று முதல் முப்பத்தாறு. தளத்தில் இப்போது இரண்டு நெருப்பு எரிந்தது. சிவப்பு எழுத்தில் மூன்றாவது நன்றியும் வந்தது.

* * *

ஞாயிற்றுக்கிழமை மைத்துனியும் சகலையும் வீட்டுக்கு வந்தார்கள். சகலை இருசக்கர வாகனப் பட்டறை வைத்திருப்பவர். வாழ்க்கையில் ஒரு தடவைகூட முன்பதிவு செய்யாதவர். வண்டி நிற்பதற்கு முன்பே ஓடிப்போய் ஜன்னல் வழியாகத் துண்டை உள்ளே வீசி இடம் பிடிப்பது அவர் வழக்கம். துண்டு விழுந்த இடத்தில் இதுவரை வேறு யாரும் உட்கார்ந்ததில்லை. எதைக் கேட்டாலும் பாத்துக்கலாம் என்பார்.

"மூணு மாசத்துக்கு முன்னாடியே எதுக்கு சகலை டிக்கெட்டு? நேரா போவோம், ஏறுவோம், உக்காருவோம்."

"அது நம்ம ஊரு வண்டி இல்ல சகலை. உலகமே வந்து ஏறுற வண்டி. சூடு பிடிச்சுக்கிட்டிருக்கு."

"என்ன சூடு?"

மாமா தளத்தைத் திறந்து இரண்டு நெருப்பையும் காட்டினார். சகலை கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு பார்த்தார்.

"இதுக்கெல்லாம் பயந்தா முடியுமா? ஒரு துண்டு எடுத்துட்டு வரேன். பாத்துக்கலாம்."

மைத்துனிக்கு வேறு கவலை.

"மாமா, சீட்டு வண்டி போற பக்கம் பாத்துத்தானே இருக்கு? பின்பக்கமா உக்காந்தா அக்காவுக்குத் தலை சுத்தும். சின்ன வயசுல ஒரு தடவை பஸ்ல அப்படி உக்காந்து பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். என் பாவாடையிலதான் வாந்தி எடுத்தா."

"அதெல்லாம் பாக்காமலா?" என்றார் மாமா.

பார்க்கவில்லை. விருந்தாளிகள் கிளம்பிப் போனதும் பார்த்தார். ரயில் முதலில் ஒரு மலை ஊரில் புறப்பட்டு, இவர்கள் ஏறப்போகும் ஊருக்கு வந்து, அங்கே இஞ்சினைக் கழற்றி மறு முனையில் மாட்டிக்கொண்டு ஏரிப் பாதையில் கிளம்புகிறது. அதாவது அதுவரை முன்னால் பார்த்த இருக்கையெல்லாம் அதற்கப்புறம் பின்னால் பார்க்கும். முப்பத்து மூன்றாம் எண்ணில் மனைவி உட்கார்ந்தால் ஏரி தெரியும். ஆனால் ஏரியைப் பார்க்கிற நிலையில் அவர் இருக்க மாட்டார்.

இடது பக்கம், முன்னால் பார்க்கிற மாதிரி, ஜன்னலோடு கூடிய இருக்கை எது? நாற்பத்தொன்று. அதைக் கேட்டால் தளம் கொடுக்கவில்லை. அந்த வரிசை முதல் ஊரில் ஏறுகிறவர்களுக்கு ஒதுக்கப்பட்டது என்று சொல்லிவிட்டது.

மாமா கைகளைத் தேய்த்துக்கொண்டார். இது அவர் விளையாடிப் பழகிய மைதானம். நடுவில் ஏறுகிறவருக்கு இடம் இல்லையென்றால், வண்டி புறப்படும் ஊரிலிருந்தே டிக்கெட் போட்டுவிட்டு நடுவில் ஏறிக்கொள்வது கவுன்டரில் இருப்பவர்கள் எல்லோருக்கும் தெரிந்த வித்தை. மலை ஊரிலிருந்து நான்கு டிக்கெட் போட்டார். நாற்பத்தொன்று முதல் நாற்பத்து நான்கு. வந்து விழுந்தது.

"கன்ஃபர்ம்" என்றார் மாமா. மனசார நம்பித்தான் சொன்னார்.

தளத்தில் மூன்று நெருப்பு. நான்காவது சிவப்பு நன்றி.

மறுநாள் கவுன்டரில் ஒருவர் வந்து, "சார், நான் நடுவுல ஏறிக்கறேன்னு இருந்தேன், அதுக்குள்ள என் சீட்டை வேற ஆளுக்குக் குடுத்துட்டாங்க" என்று புகார் சொன்னார்.

"ஏற வேண்டிய எடத்துல ஏறலைன்னா அப்படித்தான் குடுப்பாங்க" என்று பழக்கத்தில் சொன்ன மாமா, சொன்ன வாயை மூடாமல் அப்படியே உட்கார்ந்திருந்தார்.

* * *

அந்த நாட்டுக்குப் போய்ச் சேர்ந்தபின் எல்லாம் நன்றாகவே நடந்தது. மொழிக்கு மைத்துனியின் கைப்பேசி இருந்தது. அங்கத்து ஆள் பேசுவதை அது கேட்டுவிட்டு, செய்தி வாசிக்கும் பெண் குரலில் சுத்தமான தமிழில் திருப்பிச் சொல்லும். விடுதிக்காரர் சோம்பலாக எதையோ முணுமுணுத்தால், "தங்களது துவாலைகள் நாளை காலை மாற்றியளிக்கப்படும்" என்று கம்பீரமாக அறிவிக்கும். சகலை அதற்காகவே விடுதிக்காரரிடம் அடிக்கடி எதையாவது கேட்டுக்கொண்டிருந்தார்.

புதன்கிழமை மத்தியானம் மாமா குளித்துக்கொண்டிருந்தபோது மனைவி சட்டை மடித்து வைக்கப் பெட்டியைத் திறந்தார். சட்டைகளுக்கு அடியில் மாமாவின் நீலக் கோப்பு இருந்தது. மாமா தலை துவட்டிக்கொண்டு வெளியே வந்தபோது, கட்டில் முழுவதும் டிக்கெட்டுகள் பரப்பியிருந்தன. ஓர் ஓரத்தில் மனைவி உட்கார்ந்திருந்தார்.

"நாம நாலு பேருதானே?"

"ஆமா."

"இதுல பதினாறு இருக்கே. மிச்சம் பன்னெண்டு பேரு யாரு? உங்க வழக்கப்படி சம்பந்தி வீட்டுக்காரங்க யாராச்சும் வராங்களா?"

மாமா ஈரத் துண்டோடு நாற்காலியில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னார். கொக்கியிலிருந்து ஆரம்பித்தார். பாறைச் சுவரைச் சொன்னார். தலைசுற்றலைச் சொன்னார். கடைசியாக, முதல் ஊரில் ஏறாததால் நாற்பத்தொன்றாம் எண்ணை வேறு யாருக்காவது கொடுத்துவிட்டிருக்கலாம் என்பதையும் சொன்னார்.

"எத்தனையோ சீட்டை நானே அப்படித் தூக்கிக் குடுத்திருக்கேன். இங்கேயும் ஒருத்தன் என்னை மாதிரி இருப்பான்."

மனைவி டிக்கெட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினார்.

"நான் கேட்டது ஒரு ஜன்னல். அதைக்கூட முப்பது வருஷம் கழிச்சுத்தான் கேட்டேன்."

"கெடைக்கும்."

"கன்ஃபர்மா?"

மாமா பதில் சொல்லவில்லை. இந்தக் கேள்விக்கு அவர் பதில் சொல்லாமல் இருந்தது அதுதான் முதல் தடவை. அதைக் கண்டு மனைவிக்கே பாவமாகிவிட்டது.

"சரி விடுங்க. காலையில சீக்கிரம் போவோம்" என்றார்.

மாமா கைப்பேசியைப் பார்த்தார். ரயில்வேயிலிருந்து ஐந்தாவது கடிதம் வந்திருந்தது. இந்த முறை பச்சை எழுத்தில். நன்றி முற்றிவிட்டது போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டார். தளத்தைத் திறந்தால் அங்கே நான்கு நெருப்பு கொழுந்துவிட்டு எரிந்துகொண்டிருந்தது.

* * *

வியாழக்கிழமை, ரயில் வருவதற்கு இரண்டு மணி நேரம் முன்பே நான்கு பேரும் நிலையத்தில் இருந்தார்கள். உலகமே வந்து முண்டியடிக்கும் என்று மாமா மனைவியை நடுவில் விட்டு, பெட்டிகளைச் சுற்றிலும் வேலி மாதிரி வைத்திருந்தார்.

நடைமேடையில் ஒரு புறா இருந்தது. அதுவும் சிறிது நேரத்தில் போய்விட்டது.

"கூட்டம் கடைசி நிமிஷத்துல வரும்" என்றார் மாமா.

"வரட்டும்" என்று சகலை தோளில் கிடந்த துண்டைச் சரிசெய்துகொண்டார்.

டிக்கெட் ஜன்னலுக்குப் பின்னால் இருந்த பெண் இவர்களைப் பார்த்துச் சிரித்தாள். உள்ளே போய் இன்னொருத்தியைக் கூட்டிவந்து காட்டினாள். இரண்டு பேரும் கையசைத்தார்கள். மைத்துனி பதிலுக்குக் கையசைத்தார்.

மாமா தண்டவாளத்தைக் குனிந்து பார்த்தார். ரயில் ஓடுகிற தண்டவாளம் மேலே பளபளவென்று இருக்கும். இது துருவேறிச் செம்மண் நிறத்தில் கிடந்தது. கட்டைகளுக்கு நடுவில் மஞ்சள் பூச்செடி ஒன்று முழங்கால் உயரத்துக்கு வளர்ந்திருந்தது. ரயில்வேக்காரரின் கண்ணுக்கு அது உறுத்தியது. ஆனால் அந்நிய நாட்டுத் தண்டவாளத்தைப் பற்றி நமக்கென்ன பேச்சு என்று நிமிர்ந்துவிட்டார்.

குறித்த நேரத்துக்கு ஒரு நிமிஷம் பிசகாமல் சிவப்பு ரயில் வந்தது. ஒரு இஞ்சின், ஒரே ஒரு பெட்டி. அப்போதுதான் கழுவிவிட்ட மாதிரி சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் வடிந்துகொண்டிருந்தது.

சகலைக்குப் பழக்கம் விடவில்லை. வண்டி நிற்பதற்குள் ஓடினார். துண்டைச் சுருட்டி ஜன்னலைக் குறிபார்த்து வீசினார். அந்த நாட்டு ஜன்னல் திறக்காத ஜன்னல். துண்டு கண்ணாடியில் பட்டுச் சறுக்கிக்கொண்டே வந்து நடைமேடையில் விழுந்தது. சகலையின் வாழ்க்கையில் முதல் தோல்வி அது.

கதவு திறந்தது. மாமா நீலக் கோப்பை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, யாரோடும் சண்டைக்குத் தயாராக, முதல் ஆளாக உள்ளே ஏறினார்.

உள்ளே ஒருவரும் இல்லை.

அத்தனை இருக்கையும் காலியாக இருந்தது. பதினேழு காலி. கொக்கிகூட அங்கேயே சும்மா இருந்தது. இருபத்தைந்து, முப்பத்து மூன்று, நாற்பத்தொன்று எல்லாம் காலி. மாமா கோப்போடு நடுவில் நின்று இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் பார்த்தார்.

பின்னாலேயே வந்த சகலை துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார். தோள் மட்டும் குலுங்கியது.

"சகலை, எங்கே உக்காரட்டும்? இடிச்சுப் புடிச்சு எனக்கு ஒரு எடம் பாத்துக் குடுங்க."

"சும்மா இருங்க" என்று மைத்துனி கணவரை அடக்கினார். ஆனால் அவருக்கும் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது.

மாமா மனைவியை நாற்பத்தொன்றில் உட்காரவைத்தார். தான் எதிரில் உட்காராமல் பக்கத்தில் உட்கார்ந்தார். இஞ்சின் மறு முனைக்கு மாறி மாட்டிக்கொள்ளும் சத்தம் கேட்டது. வண்டி நகர்ந்தது. முன்னோக்கித்தான் நகர்ந்தது. அந்தக் கணக்கு மட்டும் தப்பவில்லை.

"முப்பது வருஷம்" என்றார் மாமா தணிந்த குரலில். "ஆகும், ஆகாதுன்னு ஊருக்கே சொன்னவன். ஒரு காலி வண்டியில எடம் பிடிக்கப் பதினாறு டிக்கெட்டு எடுத்திருக்கேன். ஊருல தெரிஞ்சா கவுன்டர்ல நான் எப்படி உக்காருவேன்? நான் தோத்துட்டேன்."

மனைவி ஜன்னலிலிருந்து முகத்தைத் திருப்பவில்லை. கையை மட்டும் எடுத்து அவர் கைமேல் வைத்தார்.

"கொக்கி, பாறை, தலைசுத்தல் எல்லாத்தையும் எனக்காக உக்காந்து யோசிச்சிருக்கீங்க. எனக்கு அது போதும். பேசாம வெளியில பாருங்க."

அப்போது பரிசோதகர் வந்தார். வெள்ளை மீசை, மடிப்புக் கலையாத சீருடை, பித்தளைப் பொத்தான்களில் அன்றைக்குப் போட்ட மெருகு. நான்கு பேருக்கும் தனித்தனியாகத் தொப்பியைத் தொட்டு வணக்கம் வைத்தார். கையிலிருந்த கருவியைப் பார்த்தார். அதில் இருபது என்று இருந்தது. இவர்களை எண்ணினார். நான்கு. மறுபடி எண்ணினார். இருக்கைகளுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார். கழிவறைக் கதவைத் தட்டிப் பார்த்தார். திரும்பி வந்து கைகளை விரித்தார்.

மாமா தலை குனிந்தபடி நீலக் கோப்பை நீட்டினார். பரிசோதகர் ஒவ்வொரு டிக்கெட்டாக எடுத்துக் கருவியில் காட்டினார். ஒவ்வொன்றுக்கும் அது ஒரு குரல் கொடுத்தது. பதினாறு குரல். அதற்கப்புறமும் அவர் போகவில்லை. நான்கு விரலைக் காட்டினார்.

"இன்னும் நாலுங்கறாரு" என்றார் மாமா. "என்கிட்ட பதினாறுதான். மேல ஒண்ணுகூடக் கிடையாது."

சகலை திடீரென்று ஜன்னல் பக்கம் திரும்பி வெளியே மிகவும் கவனமாகப் பார்க்கத் தொடங்கினார்.

"எடுத்துக் காட்டுங்க" என்றார் மைத்துனி கணவரிடம். "எத்தனை நேரம்தான் ஏரியைப் பாப்பீங்க? ஏரி இன்னும் வரலை."

சகலை சட்டையின் உள்பாக்கெட்டில் கையை விட்டு, நான்காக மடித்த தாள்களை வெளியே எடுத்தார்.

மாமா அந்த டிக்கெட்டுகளையும் சகலையையும் மாறி மாறிப் பார்த்தார்.

"நீங்களுமா சகலை?"

"முந்தாநேத்து சும்மா தொறந்து பாத்தேன் சகலை. மூணு நெருப்பு எரிஞ்சுது. நீங்க வேற பயந்த மாதிரியே சுத்திக்கிட்டிருந்தீங்க. உங்க டிக்கெட்டுல ஏதாச்சும் கோளாறாயிடுச்சுன்னா அண்ணி முகத்தைப் பாக்க முடியாதேன்னு நாலு பேருக்கும் போட்டுட்டேன். நான் எடுத்ததும் நாலாவது எரிஞ்சுது."

"துண்டு எங்கே போச்சு?"

"துண்டும் இருக்கட்டும், இதுவும் இருக்கட்டும்னு நெனச்சேன்."

மாமாவின் மனைவிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. முந்தானையை வாயில் அடக்கிப் பார்த்தார். முடியவில்லை. கண்ணில் நீர் வரச் சிரித்தார். மாமாவுக்கும் வேறு வழி தெரியவில்லை. சகலைகள் இருவரும் ஒருவர் தொடையில் ஒருவர் தட்டிக்கொண்டு சிரித்தார்கள்.

பரிசோதகர் கடைசி நான்கு டிக்கெட்டையும் கருவியில் காட்டினார். இருபது. மனசு நிறைந்தவர் போலத் தலையாட்டினார். அந்தச் சமயம் பார்த்து பாறை விலகி, இடது கைப் பக்கம் முழுவதும் ஏரி திறந்துகொண்டது. காலண்டரில் இருந்ததைவிட அது நீலம். மாமாவின் மனைவி சிரிப்பை நிறுத்திவிட்டு நெற்றியைக் கண்ணாடியில் வைத்துக்கொண்டார். அவருக்கும் ஏரிக்கும் நடுவில் யாருடைய தோளும் இல்லை.

"இவ்வளவு அழகான ஊருல, இந்த வண்டியில ஏற ஒரு ஆளுமா இல்லை?" என்றார் திரும்பாமலே. "கேளுடி, அவரை."

மைத்துனி கைப்பேசியை நீட்டிக் கேட்டார். பரிசோதகர் தொப்பியைக் கழற்றி மார்போடு வைத்துக்கொண்டு, மாமாவைப் பார்த்து நிறையப் பேசினார். பேசி முடித்துவிட்டு இரண்டு கைகளாலும் மாமாவின் கையைப் பிடித்துக் குலுக்கினார். கைப்பேசி கொஞ்ச நேரம் யோசித்தது. பிறகு செய்தி வாசிக்கும் குரலில் சொன்னது:

"மதிப்பிற்குரிய பயணிகளே, இருபது பேர் முன்பதிவு செய்தால் மட்டுமே இந்த இரயில் புறப்படும், ஏழு வாரங்களுக்குப் பிறகு இன்றுதான் புறப்பட்டிருக்கிறது."